ஏழாம் வருடத்து உழவு

ரோமர்கள் யூதேயாவை ஆண்டபோது அங்கே உயிரோடு இருப்பதற்குச் சில திறமைகள் தேவைப்பட்டன. கேள்வி கேட்காமல் இருப்பது அவற்றில் ஒன்று. பெத்மாரா என்ற மலையூரில் இருந்த தொபியாவுக்கு மற்றதெல்லாம் வாய்த்திருந்தது, இது மட்டும் வாய்க்கவில்லை.

யூதர்கள் எந்த வேலையும் செய்யாத ஓய்வுநாள், சனிக்கிழமை காலை. ஜெபக்கூடத்தில் வாசிப்பு முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். தொபியா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான்.

"ரபி, ஏழாம் வருடத்தில் உழுவது கூடுமா, கூடாதா?"

எழுந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஊருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ரபி செக்கனியா வேதச் சுருளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. பிறகு மெதுவாகக் கயிற்றை முடிந்தார்.

"பார்க்கலாம்" என்றார்.

ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடப் பதில் தெரிந்த கேள்வி அது. ஆறு வருடம் உழுவார்கள், விதைப்பார்கள். ஏழாவது வருடம் நிலத்தை விட்டுவிடுவார்கள். ஏர் பரணில் ஏறிவிடும். தானாக முளைத்ததை ஏழைகள் பறித்துக்கொள்வார்கள், மிச்சத்தை ஆடுமாடு மேயும். நிலம் கடவுளுடையது, அதற்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். முன்பெல்லாம் ரோமர்கள்கூட அந்த வருடம் தானியம் கேட்பதில்லை. புதிதாக வந்த ஆளுநருக்கு அந்தச் சலுகை பிடிக்கவில்லை. ஒரு நாடு முழுக்க ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று கேட்டாராம். சலுகை போய்விட்டது.

ஆகவே தொபியா பதில் தெரியாமல் கேட்கவில்லை. வேறு பதில் வேண்டும் என்று கேட்டான். அவன் மகனின் உயிர் அந்தப் பதிலில் இருந்தது.

நடந்தது இதுதான். மலையடிவாரத்தில் சாலையை ஒட்டிக் குதிரைப்படை முகாம் ஒன்று வந்திருந்தது. அதன் தலைவன் அவுலஸ். குதிரைகளுக்கு வாற்கோதுமை வேண்டும். சாலையோரம் தண்ணீர் நிற்கும் நல்ல வயல் ஒன்றுதான் இருந்தது, அது தொபியாவுடையது. முதல் மழை விழுந்ததும் உழுது விதைக்கும்படி அவுலஸ் ஆள் அனுப்பினான். தொபியாவின் ஒரே மகன் மல்கியா, இருபத்திரண்டு வயது, வந்தவர்களின் வழியில் போய் நின்றான். இந்த வருடம் இந்த வயலில் ஏர் இறங்காது என்றான். அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவுலஸ் கெடு வைத்தான். அடுத்த புதன்கிழமைக்குள் வயலில் ஏர் இறங்க வேண்டும். இல்லையென்றால் மல்கியா துறைமுகம் கட்டுகிற இடத்துக்குப் போவான், கடலுக்குள் கல் இறக்க. அந்த வேலைக்குப் பெத்மாராவிலிருந்து அதற்குமுன் மூன்று பேர் போயிருந்தார்கள். மூவரும் திரும்பி வரவில்லை, மூவரின் மனைவிமாரும் விதவைகள் ஆனார்கள்.

தொபியாவின் மனைவி மில்காளுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. "உழுதுவிட்டு வா" என்றாள். தொபியாவும் உழுதிருப்பான். அதற்குமுன் மகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ரொட்டி எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனான். போயிருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டான்.

மல்கியா ரொட்டியைச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுச் சொன்னான். "எனக்காக நீங்கள் ஏரைத் தொட்டால், நான் திரும்பி வந்தாலும் உங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடமாட்டேன். ரபி கூடும் என்று சொன்னால் அது வேறு."

அவன் சொன்னால் சொன்னதுதான் என்பது தகப்பனுக்குத் தெரியும். பத்து வருடமாக ரபியிடம் பாடம் கேட்கிறவன். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கென்று எடுத்துவைக்காத வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான். தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்த பிள்ளை.

ஆகவேதான் தொபியா கேட்டான். கேட்டது தப்பு என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. கழுத்தில் ஈட்டியை வைத்து உழச்சொன்னால் உழவேண்டியதுதான், அதை யாரும் பார்க்கவில்லை என்று இருந்துவிடலாம், இந்த மலைகளில் எத்தனையோ காரியம் அப்படித்தான் நடக்கிறது. ஜெபக்கூடத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் பதில் வரும். பதில் வந்தால் அது எல்லோருக்கும் பொருந்தும். கூடாது என்று வந்தால் நாளைக்கு மற்ற பிள்ளைகளும் கல் சுமக்கப் போகவேண்டும். கூடும் என்று வந்தால் இனி ஏழாம் வருடம் என்று ஒன்று இருக்காது. பக்கத்து வீட்டுக்காரி மில்காளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை காலை தொபியா ரபியின் வீட்டுக்குப் போனான்.

செக்கனியா பிழைப்புக்குத் தண்ணீர்த் தோல்பைகள் தைப்பவர். அவருக்கு நிலம் கிடையாது. வயதில் தொபியாவைவிட மூன்று வருடம் இளையவர். சின்ன வயதில் தொபியாவிடம் அடி வாங்கியிருக்கிறார். மகன் பாடம் கேட்பதைப் பார்த்து நாற்பத்தைந்து வயதில் தொபியாவும் வந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து "ரபி", "நீங்கள்" என்று ஆரம்பித்துவிட்டான். செக்கனியாவுக்கு அது பிடிக்காது. சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டார்.

"கேட்காமல் இருந்திருக்கலாமே, தொபியா" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்காமல் உழுதால் ஊர் மன்னித்துவிடும். என் மகன் மன்னிக்கமாட்டான்."

"யார் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு அப்படி?"

"நீங்கள்தான்."

ரபி தோலில் நாலு தையல் போட்டார்.

தொபியா சொன்னான். "உயிர் போகிற இடத்தில் ஓய்வுநாளைக்கூட மீறலாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்."

"சொல்லியிருக்கிறேன்."

"அப்படியானால் இதையும் சொல்லுங்கள். ஒரு வார்த்தை."

"அது சுவர் இடிந்து உள்ளே அகப்பட்டவனுக்காகச் சொன்னது. சுவரை இடித்தவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை."

தொபியாவுக்கு இது புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் அவன் இல்லை. எட்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்று சொன்னான். ரபி தெரியும் என்றார். நாளைக்கு வா என்றார்.

செவ்வாய்க்கிழமை அவன் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் குதிரைச் சத்தம் கேட்டது. அவுலஸ் வந்திருந்தான், கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். மொழிபெயர்ப்பாளனும் யூதன்தான், கடற்கரைப் பட்டணத்துக்காரன். உள்ளே வந்ததிலிருந்து அவன் தரையை மட்டுமே பார்த்தான்.

அவுலஸ் கெட்டவனாகத் தெரியவில்லை, அதுதான் சங்கடம். முகத்தில் நீண்ட நாள் தூசி. உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். ஜெபக்கூடத்தில் கேட்கப்பட்ட கேள்வியைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னான். நல்ல கேள்வி என்றான்.

"எழுதிக் கொடுங்கள்" என்றான். "ஒரு வரி போதும். ஏழாம் வருடத்தில் ஆளுநரின் தேவைக்காக உழலாம் என்று. இவர் மகன் மதியத்துக்குள் வீட்டில் இருப்பான். நிலத்தைக்கூட நாளைக்கு மெதுவாக உழுதுகொள்ளட்டும்."

தொபியா எழுந்து நின்றுவிட்டான்.

"எழுதியதை என்ன செய்வீர்கள்?" என்று ரபி கேட்டார்.

"இந்த மலையில் நாற்பது ஊர். நாற்பதிலும் வாசிக்கச் சொல்வேன்."

"அதன்பிறகும் உழாதவனை?"

மொழிபெயர்ப்பாளன் இதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அவுலஸ் பெருமூச்சு விட்டான்.

"இன்றைக்கு ஒருவன் உழமாட்டேன் என்றால் என் கடவுள், என் சட்டம் என்கிறான். அவனை அடிக்க எனக்கே கை கூசுகிறது, மேலே எழுதிக் கேட்கவேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் அவன் வெறும் சோம்பேறி. சோம்பேறியை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும்."

அவுலஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தனக்கும் அலுத்துவிட்டது என்றும், இருநூறு குதிரைக்குத் தீனி போட்டாக வேண்டும் என்றும் சொன்னான். அவன் சொன்னது பொய்யாகத் தோன்றவில்லை.

ரபி மூலையிலிருந்து ஒரு தோல்பையை எடுத்து நீட்டினார். "உங்கள் ஆள் போன வாரம் கொடுத்தது. ஒழுகல் நின்றுவிட்டது."

அவுலஸ் அதை வாங்கிக்கொண்டான். நாளை மதியம் வரைதான் என்று சொல்லிவிட்டுப் போனான். மொழிபெயர்ப்பாளன் தரையைப் பார்த்தபடியே அவன் பின்னால் போனான்.

தொபியாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ரபியின் காலடியில் உட்கார்ந்து அழுதான். நாற்பது ஊரும் எனக்கு என்ன உறவு என்று கேட்டான். எவனோ ஒருவன் முதுகில் அடி விழக்கூடாது என்று என் பிள்ளை கடலுக்குள் போகவேண்டுமா என்று கேட்டான். உங்களுக்குப் பிள்ளை இருந்திருந்தால் இப்படி ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா என்றும் கேட்டுவிட்டான். கேட்டபிறகு அவனுக்கே நெஞ்சு சுட்டது. செக்கனியாவின் பிள்ளைகள் இரண்டும் காய்ச்சலில் போனவை. அதற்குப் பிறகு அவர் ஒரே ஒருவனைத்தான் பிள்ளை மாதிரி பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை தோறும் மல்கியா அவர் வீட்டில்தான் சாப்பிடுவான்.

ரபி கோபித்துக்கொள்ளவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"உன் மாடு சொன்னால் கேட்குமா?"

தொபியா அவரைப் பார்த்தான். கேலி செய்கிறாரா என்று சந்தேகமாக இருந்தது. "வலப்பக்கத்து மாடு கேட்கும். இடப்பக்கத்தது கொஞ்சம் முரடு" என்றான்.

"சரி, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படு."

புதன்கிழமை காலை மில்காளின் கூச்சல்தான் அவனை எழுப்பியது. தொழுவத்தில் மாடுகள் இல்லை. பரணில் ஏரும் இல்லை. ரோமர்கள் வந்து எடுத்துப் போயிருக்கவேண்டும் என்று நினைத்து இருவரும் இறங்கி ஓடினார்கள்.

வயலில் ரபி செக்கனியா உழுதுகொண்டிருந்தார்.

உழுதுகொண்டிருந்தார் என்று மரியாதைக்குத்தான் சொல்லவேண்டும். வாழ்நாளில் மேழியைப் பிடித்திராத மனிதர். ஏரின் கொழுமுனை ஒரு இடத்தில் முழங்கை ஆழம் இறங்கியது, இன்னொரு இடத்தில் மண்ணை நக்கிக்கொண்டு போனது. இடப்பக்கத்து மாடு தன் இஷ்டத்துக்கு ஒதுங்கியது. உழுத சால் பாம்பு போன மாதிரி இருந்தது. அங்கியின் கீழ்ப்பகுதியை இடுப்பில் செருகியிருந்தார், கெண்டைக்கால் வரை சேறு. ஊரே மேட்டில் வந்து நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.

தொபியாவின் கைகள் தானாக நீண்டன. முப்பது வருடம் உழுத கை, அந்தக் கோணல் உழவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வரப்பில் கால் வைத்தான்.

"உள்ளே வராதே" என்றார் ரபி. பிறகு மேட்டைப் பார்த்து, மூச்சு வாங்க, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஓய்வுநாளில் இவன் ஒரு கேள்வி கேட்டான். பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது."

சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

மேட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கூடாது என்று சொல்லிக்கொண்டே ஒரு மனிதன் உழுவதை அவர்கள் பார்த்ததில்லை. ஏழாம் வருடத்தில் ஊரறிய உழுதவன் சாட்சி சொல்ல முடியாது, ஜெபக்கூடத்தில் நின்று வாசிக்க முடியாது, யாருக்கும் பாடம் சொல்ல முடியாது. இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரப்பு வரை இறங்கி வந்தார். அவர் கேட்கும் முன்பே ரபி மாட்டை நிறுத்தி, சுருள்கள் வைக்கும் பெட்டியின் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து வரப்பில் வைத்தார். பெரியவர் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். அவர் பின்னால் ஊரும் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனது.

மதியத்துக்கு முன்பே அவுலஸ் வந்தான். குதிரையிலிருந்து இறங்காமல் வயலைப் பார்த்தான். மூன்றில் ஒரு பங்கு ஆகியிருந்தது, கோணல்மாணலாக.

"அப்படியானால் உழலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள்" என்றான்.

"இல்லை" என்றார் ரபி. "கூடாது என்று சொல்லிவிட்டேன். ஊரே கேட்டது."

மொழிபெயர்ப்பாளன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தான். இதை அவன் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"நாற்பது ஊருக்கு நான் எதை வாசிப்பது?" என்றான் அவுலஸ்.

"தோல்பை தைப்பவன் ஒருவன் சட்டத்தை மீறினான் என்று வாசியுங்கள். உழத் தெரியாமல் உழுதான் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

அவுலஸ் வெகுநேரம் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தான். அதட்டலாமா என்று யோசித்திருக்கலாம். எதற்கு அதட்டுவது என்று தெரியாமலும் இருந்திருக்கலாம். அவனிடம் மேலிடம் கேட்டது வயல், வயலில் ஏர் இறங்கிவிட்டது. பின்னால் இருந்த வீரனிடம் இரண்டு வார்த்தை சொன்னான். வீரன் முகாமை நோக்கிக் குதிரையை விட்டான்.

"பையனை அனுப்பச் சொல்லிவிட்டார்" என்று மொழிபெயர்ப்பாளன் தொபியாவிடம் சொன்னான்.

மில்காள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, மகனுக்கு ஏதாவது ஆக்கிவைக்க வேண்டும் என்று வீட்டைப் பார்த்து ஓடினாள். அவுலஸும் போய்விட்டான். வயலில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

ரபி மேழியில் சாய்ந்து நின்றார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. தொபியா வரப்புக்கு வெளியில் நின்றபடியே தண்ணீர் நீட்டினான். அவர் அங்கிருந்தே கையை நீட்டி வாங்கிக் குடித்தார்.

"போதும் ரபி. விடுங்கள். அவனை விட்டுவிட்டார்கள்."

"பாதியில் விட்டால் மீதியை அவுலஸ் உன்னை உழச் சொல்வான். நீ தொடக்கூடாது."

"இவ்வளவு செய்தீர்கள். கூடும் என்று என்னிடம் மட்டுமாவது காதோடு சொல்லியிருக்கலாம். நானே உழுதிருப்பேன். உங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது."

"உன்னிடம் சொன்னால் நீ உன் மகனிடம் சொல்வாய். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், யார் கேட்டாலும் ரபி கூடும் என்றார் என்று சொல்லிவிடுவான்."

தொபியா சாலையைப் பார்த்தான். தூரத்தில் முகாமின் வாசலிலிருந்து ஓர் ஆள் தனியாக நடந்து வருவது தெரிந்தது. நடையை வைத்தே யார் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயமும் அவனைப் பிடித்துக்கொண்டது.

"வயல் உழுதிருப்பதைப் பார்ப்பான். வந்ததும் கேட்பான். என்ன சொல்லட்டும்?"

ரபியும் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றினார்.

"ரபி கூடாது என்றுதான் சொன்னார் என்று சொல். அப்பா ஏரைத் தொடவில்லை, உழுதது செக்கனியா என்று சொல். இனி அவன் என் வீட்டில் சாப்பிடமாட்டான். உன் வீட்டில் சாப்பிடுவான்."